இரண்டு நரைகள்

சோழன் கரிகாலன் இளமையிலேயே அரியணை ஏறியவன். வழக்கொன்றைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டு முதியோர் இருவர் அவனது அவைக்களம் வந்தனர். மன்னனின் இளமையைக் கண்டதும், இத்துணை இளையவன் எங்ஙனம் முறை வழங்குவான் என்று தயங்கி நின்றனர். அவர்தம் குறிப்பறிந்த மன்னன் உள்ளே சென்று, நரைமுடி அணிந்து, முதியவன் கோலத்தில் வந்தமர்ந்தான். வழக்கைக் கேட்டான், இருவரும் ஏற்கும் வண்ணம் தீர்ப்பும் உரைத்தான். குலத்துக்குரிய அறிவு கல்லாமலே ஓரளவு வந்தமையும் என்னும் பழமொழிக்குச் சான்றாகப் பழமொழி நானூறு இந்நிகழ்ச்சியைக் காட்டுகிறது. மணிமேகலையும் இதனைச் சுட்டிச் செல்கிறது.

மற்றொரு கதை பெரும்பாலும் செவிவழியாகவே வழங்கி வந்தது. ஔவை என்னும் இளம்பெண்ணுக்கு மணம் பேசுகின்றனர். அவளுக்கோ தமிழிலும் இறைத்தொண்டிலும் அன்றி வேறெதிலும் நாட்டமில்லை. மறுத்துச் சொல்ல வழியும் இல்லை. விநாயகர் திருமுன் சென்று தன் இளமையையும் அழகையும் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறாள். கண்விழிக்கும் நேரத்திற்குள் கூந்தல் நரைக்கிறது, உடல் கூனுகிறது. மணம் பேச வந்தவர்கள் திரும்பிப் போகின்றனர். கோலை ஊன்றியவாறு அவள் ஊர்வழி நடக்கத் தொடங்குகிறாள்.

இரண்டும் நரையைப் பற்றிய கதைகளே. கரிகாலன் நரையை அணிந்தது தன் சொல் அவையில் எடுபட வேண்டும் என்பதற்காக. வழக்கு முடிந்தபின் அதனைக் களைந்து வைத்துவிட்டு இளைஞனாகவே அவன் அந்தப்புரம் சென்றிருக்கக்கூடும். ஔவை நரையை வேண்டிப் பெற்றது தன்னை விட்டுவிட வேண்டும் என்பதற்காக. அவள் பெற்ற நரை களையக்கூடியதன்று. ஒரு மொழியின் கதைமரபு ஆணின் மூப்பையும் பெண்ணின் மூப்பையும் இவ்வளவு வேறுபட்ட விலைக்கு மதித்திருக்கிறது என்றால், அம்மதிப்பு இலக்கணத்திலும் பாட்டிலும் வழக்காற்றிலும் தடம் பதித்திருத்தல் வேண்டும். அத்தடங்கள் இன்றும் காணக்கிடைக்கின்றன.

ஏழு பெயரும் ஏழு பெயரும்

பிள்ளைத்தமிழிலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. காப்பு முதல் அம்புலி வரையிலான ஏழு பருவங்கள் ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொது. எஞ்சிய மூன்றில் ஆண் குழந்தை சிற்றில் சிதைக்கும், சிறுபறை முழக்கும், சிறுதேர் உருட்டும். பெண் குழந்தை அம்மானை ஆடும், நீராடும், ஊசலாடும். ஒருத்தி கட்டிய மணல்வீட்டை மற்றொருவன் காலால் அழிப்பது குழந்தைப் பருவத்தின் அழகுகளுள் ஒன்றாகவே பாடப்பெற்றது.

பாட்டியல் நூல்கள் இவ்வேறுபாட்டைக் கணக்காகவே எழுதிவைத்தன. பெண்ணுக்குப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவம். ஐந்து வயதில் தொடங்கும் இக்கணக்கு நூலுக்கு நூல் சிறிது மாறும். பேதை 5 முதல் 7 வரை, பெதும்பை 8 முதல் 11 வரை, மங்கை 12 முதல் 13 வரை, மடந்தை 14 முதல் 19 வரை, அரிவை 20 முதல் 25 வரை, தெரிவை 26 முதல் 31 வரை, பேரிளம்பெண் 32 முதல் 40 வரை என்பது பரவலாக வழங்கும் கணக்கு. பன்னிரு பாட்டியலோ பேரிளம்பெண்ணின் எல்லையை 36 ஆகவே நிறுத்திவிடுகிறது.

ஆணுக்கும் அந்நூல் ஏழு பெயர் வகுக்கிறது. 7 வயது வரை பாலன்; 10 வரை மீளி; 14 வரை மறவோன்; 15 இல் திறலோன்; 16 இல் காளை; அதன்பின் 30 வரை விடலை; 30ஐக் கடந்தால் முதுமகன். முப்பத்தொன்றில் ஒருவனை முதுமகன் என்றழைத்தால் இன்று எவரும் முகம் சுளிப்பர். ஆனால் அதே நூல், ஆடவனை உலாவின் தலைவனாக்கிப் பாடுதற்கு 48 வயது வரை இடம் தருகிறது. முதுமகன் என்னும் பெயர் பெற்ற பின்னரும் பதினெட்டு ஆண்டுகள் அவன் யானைமீதும் தேர்மீதும் வீதியுலா வரலாம். எழுபருவ மகளிரும் அவனைக் கண்டு காமுறுவதாகப் பாடலாம்.

இப்பெயர்களின் பொருள் ஊன்றி நோக்கத்தக்கது. ஆணின் பெயர்களுள் மறவோன், திறலோன் என்பன அவன் செய்யும் தொழிலையும் அவனிடமுள்ள ஆற்றலையும் குறிக்கின்றன. இறுதிப் பெயரில் ‘முது’ என்னும் அடை கூசாமல் நிற்கிறது; அதற்கு மேல் வயதெல்லையும் இல்லை. பெண்ணின் இறுதிப் பெயரிலோ நாற்பதிலும் ‘இளம்’ என்னும் சொல் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேரிளம்பெண் என்பவள் பெரியவளாகிவிட்ட இளம்பெண். அவள் மூத்தால் என்ன பெயர்? பாட்டியலில் விடையில்லை. ஆணை முப்பதிலேயே முதியவனாக்கிய இலக்கணம் அவனைக் கைவிடவில்லை. பெண்ணை நாற்பது வரை இளையவளாகவே வைத்திருந்த இலக்கணம், அதன் பின் அவளை ஏட்டிலிருந்தே நீக்கிவிட்டது.

இதற்குக் காரணம் இலக்கணப் புலவரின் கொடுமை எனல் பொருந்தாது. பாட்டியல் என்பது பாடப்படுவோர்க்கும் பாடுவோர்க்குமான விதிநூல். சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கயிலாய ஞானவுலா ஆதியுலா எனப் போற்றப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் விக்கிரமசோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என மூன்று தலைமுறைச் சோழர்க்கும் உலாப் பாடினார். அவ்வமைப்பில் ஆண் வீதியில் செல்கிறான். பெண் மாடத்திலும் வாயிலிலும் நின்று காண்கிறாள். ஆயினும் ஏழாக வகுக்கப்படுபவன் செல்கின்றவன் அல்லன். காண்கின்ற அவளே வகுக்கப்படுகிறாள். புலவனின் கண் அவள்மீது படுகிறவரையில்தான் அவளுக்கு வயதுண்டு, பெயருண்டு. கருவளம் பெரும்பாலும் 45க்கும் 50க்கும் இடையில் நின்றுபோவது பெண்ணுடலின் இயற்கை. ஆணுடலில் அத்தகைய திட்டமான எல்லைக்கோடு இல்லை. பாட்டியல் கோடு அவ்வியற்கை எல்லைக்கும் முன்னதாகவே இழுக்கப்பட்டது.

வேறொரு சொல்லின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. தொல்காப்பியத்தில் கிழவன் என்றால் தலைவன். கிழத்தி என்றாலும் கிழவி என்றாலும் தலைவி. கிழமை என்பது உரிமை. ஒருவர்க்கொருவர் உரிமை பூண்ட இளங்காதலரைக் குறித்த சொல், காலப்போக்கில் உரிமையைத் தொலைத்து மூப்பை மட்டும் சுமந்துகொண்டது. கிழத்தி மட்டும் இல்லக்கிழத்தி என்னும் தொடரில் பழைய மதிப்போடு பிழைத்திருக்கிறாள்.

சங்கத்தின் முதியோர்

பாட்டியல் வகுக்கப்பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னர்ச் சங்கப் பாடல்களில் முதியோர் எவ்வாறு நின்றனர் என்று காண்பது பயனுடையது. அங்கே ஆண்களின் மூப்பு பெரும்பாலும் அவர்கள் வாயாலேயே சொல்லப்படுகிறது. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவரின் இயற்பெயர்கூடத் தெரியவில்லை. அவர் ஊன்றிய பூணிட்ட கோலே அவர் பெயராயிற்று. இருமலுக்கிடையே சிலசொல் பேசும் அம்முதியவர், மகளிரோடு கைகோத்து விளையாடியதையும், மரக்கிளையிலிருந்து ஆழ்மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்து காட்டியதையும் நினைந்து இரங்குகிறார் (புறநானூறு 243). அந்த மடுவின் கரையில் நின்று வியந்த பெண்களும் அப்போது எங்கேனும் கோலூன்றி நடந்திருப்பர். அவர்கள் நினைவுகூர்ந்தவை பாட்டாகவில்லை.

பிசிராந்தையாரை, ஆண்டு பலவாகியும் நரையில்லையே, எங்ஙனம் என்று வினவினர். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், நெறி பிறழாத வேந்தன், ஊர்நிறைந்த சான்றோர் என அவர் காரணங்களை அடுக்கினார் (புறநானூறு 191). பட்டியலில் மனைவிக்கு முன்னிடம் கொடுத்தது அவர் பெருந்தன்மை. அம்மனைவியின் கூந்தல் நரைத்ததா, இல்லையா என்று வினவியவரும் இல்லை. நரிவெரூஉத்தலையார் என்னும் புலவரோ மீன்முள் போன்ற நரைமயிரும் சுருங்கிய கன்னமும் உடைய முதியோரை நேர்நின்று விளித்து, நல்லது செய்ய இயலாவிடினும் தீயது செய்யாதிருங்கள் என்று இடித்துரைக்கிறார் (புறநானூறு 195). கடிந்துரையே எனினும், ஆணின் நரைக்குப் பொறுப்பு உண்டு என்னும் எதிர்பார்ப்பு அதனுள் இருக்கிறது.

பெண்களின் மூப்போ சங்கப் பாடல்களில் வேறு இடங்களில் வாழ்கிறது. நெடுநல்வாடையில் தலைவனைப் பிரிந்து வருந்தும் அரசியைத் தேற்றுவோர் நரை கலந்த மென்கூந்தற் செவிலியர். முல்லைப்பாட்டில் நெல்லும் மலரும் தூவி நற்சொல் கேட்டு நிற்போர் பெருமுது பெண்டிர். அகப்பாடலில் தந்தைக்குக் கூற்று இல்லை. நற்றாய்க்கும் செவிலிக்கும் உண்டு. உடன்போகிய மகளைத் தேடிப் பாலைவழி நடந்து, கால்கள் ஓய்ந்து, எதிர்வருவோரைப் பார்த்துப் பார்த்துக் கண்கள் ஒளியிழந்த செவிலியை வெள்ளிவீதியார் பேச வைத்திருக்கிறார் (குறுந்தொகை 44). தன் காதலைப் பேசும் பருவம் கடந்த பெண், மகளின் காதலுக்காக வெயிலில் நடக்கும்போது மீண்டும் குரல் பெறுகிறாள். அக்குரலில் மூப்பு என்பது தளர்ந்த காலாகவும் மங்கிய கண்ணாகவும், அதாவது உழைத்துத் தேய்ந்த உறுப்பாகவே சொல்லப்படுகிறது. அழகு தேய்ந்தது பற்றிய பேச்சே அங்கு இல்லை.

புறத்தில் நிற்பவள் மறக்குடி மூதாட்டி. பூங்கணுத்திரையார் அவளது கூந்தலின் நரைக்குக் கொக்கின் தூவியை உவமை காட்டுகிறார் (புறநானூறு 277). காக்கைபாடினியார் நச்செள்ளையார் அவள் தோளில் நரம்பெழுந்து உலர்ந்திருப்பதைக் காட்டுகிறார் (புறநானூறு 278). மகன் புறங்கொடுத்தான் என்ற பழிச்சொல் பொய் என்பதைப் போர்க்களத்தில் உடல்களைப் புரட்டித் தானே கண்டறிகிறாள் அந்த மூதாட்டி. அவள் உவகையை இன்று அப்படியே ஏற்பது எளிதன்று. எனினும் நரைத்த பெண்ணுடலை இழிவுக்குறிப்பு ஏதுமின்றி, பெருமிதத்தின் உறைவிடமாகக் காட்டிய பாடல்கள் அவை. பாடிய இருவரும் பெண்பாற் புலவர் என்பது தற்செயலாக இருக்கவும் கூடும்.

சுட்டப்பட்ட மூதாட்டி

அறநூற் காலத்தில் நோக்கு மாறுகிறது. யாக்கை நிலையாமை, இளமை நிலையாமை என்பன தனித்தனி அதிகாரங்களாகின்றன. நாலடியார் இளமை நிலையாமையைச் சொல்லும்போது, வேல்போன்ற கண்ணுடையாள் என்று இளையோர் மயங்கும் அதே பெண், பின்னாளில் ஊன்றுகோலையே கண்ணாகக் கொண்டு கூனி நடப்பாள் என்று எச்சரிக்கிறது. கேட்பவன் ஆண், காட்டப்படுவது பெண்ணின் உடல்.

மணிமேகலையில் இது ஒரு காட்சியாகவே விரிகிறது. காயசண்டிகை வடிவில் இருக்கும் மணிமேகலை, தன்னை நாடி வந்த உதயகுமரனுக்கு அறிவு புகட்ட எண்ணி, அங்கிருந்த நரைமூதாட்டி ஒருத்தியைச் சுட்டுகிறாள். இவள் கூந்தலைப் பார், நெற்றியைப் பார், விழியைப் பார் என்று தலைமுதல் அடிவரை ஒவ்வோர் உறுப்பும் முன்பு எதற்கு உவமையாயிற்று, இப்போது எவ்வாறாயிற்று என்று விரித்துரைக்கிறாள். சாத்தனாரின் கவித்திறம் மிக்க பகுதிகளுள் அது ஒன்று. அவ்வளவு நேரமும் அம்மூதாட்டி ஒரு சொல்லும் பேசுவதில்லை. பாலி மொழியில் பௌத்தத் துறவியர் பாடிய தேரிகாதையில் வைசாலி நகரத்து அம்பபாலி இதே முறையில் உறுப்புறுப்பாக மூப்பைப் பாடியிருக்கிறாள். அங்கே அவள் பார்ப்பது தன் உடலை, பேசுவதும் அவளே. கருத்து ஒன்றாயினும், சுட்டுவிரல் தன்னை நோக்குகிறதா, பிறரை நோக்குகிறதா என்பதால் பாட்டின் அறமே மாறிவிடுகிறது. குண்டலகேசியின் எஞ்சிய பாடல்களுள் ஒன்று, குழந்தைமை செத்துக் காளைமை பிறக்கிறது, அதுவும் செத்து மூப்பு வருகிறது, நாள்தோறும் சாகின்ற நமக்கு நாமே ஏன் அழுவதில்லை என்று பொதுமையாகக் கேட்கிறது. நிலையாமையைச் சொல்வதற்குப் பெண்ணுடலைச் சுட்டியே தீரவேண்டும் என்பதில்லை என்பதற்கு அதுவே சான்று.

தமிழில் அந்த விரலைத் தன் பக்கம் திருப்பியவர் காரைக்காலம்மையார். வணிகன் பரமதத்தன் மனைவியாகிய புனிதவதி, கணவன் தன்னைத் தெய்வமென்று அஞ்சி விலகி வேறு மணம் செய்துகொண்டதை அறிந்ததும், அவனுக்காகத் தாங்கிய உடலழகை நீக்கிப் பேய்வடிவு வேண்டிப் பெற்றார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் வரலாறு கூறுகிறார். அம்மையார் தாமே பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்திலோ கணவனும் இல்லை, கதையும் இல்லை. வற்றிய மார்பும், புடைத்த நரம்பும், குழிந்த வயிறும், பிதுங்கிய பல்லுமாகப் பெண்பேய் ஒன்று சுடுகாட்டில் நிற்கிறது. அது நின்று காண்பது இறைவனின் ஆடலை. தம்மைக் காரைக்காற் பேய் என்றே அவர் கையொப்பமிட்டார். உலாவில் பெண் பார்த்தாள். ஆனால் பார்க்கப்படுவதற்காகவே பார்த்தாள். ஆலங்காட்டில் பார்ப்பவளைத் திரும்பிப் பார்த்து மதிப்பிட எவரும் இல்லை. சோழர் காலச் சிற்பிகள் எலும்பெழுந்த அவ்வுடலைக் கையில் தாளத்தோடு செம்பில் வார்த்தனர். இளமையும் எழிலும் ததும்பும் உமையின் செப்புத் திருமேனிகளை வார்த்த அதே மரபினர் கைதான் அது.

நரையில்லாத மூப்பு

பெண்ணுக்கு மூப்பு வருவதற்கு ஆண்டுகள் கழிய வேண்டும் என்பதும் இல்லை. கணவன் இறந்தால் போதும். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாய முனைந்தபோது தடுத்த சான்றோரிடம், நெய்யில்லாத உணவும் வேளைக்கீரையும் பாயில்லாப் பருக்கைக்கல் படுக்கையுமாகக் கழியும் கைம்மையினும் ஈமத்தீயே தனக்குத் தாமரைக்குளம் போன்றது என்றாள் (புறநானூறு 246). தாயங்கண்ணியார் பாடலில் கூந்தல் கொய்து, வளை நீக்கி, அல்லியரிசி உண்டு வாழும் ஒருத்தி காட்டப்படுகிறாள் (புறநானூறு 250). உணவு, ஆடை, அணி, கூந்தல் எனும் நான்கிலும் ஒரே நாளில் முதுமை ஏற்றப்பட்ட இளம்பெண்கள் அவர்கள். மனைவியை இழந்த ஆணுக்குத் தபுதாரநிலை என ஒரு துறையைப் பொருளிலக்கணம் வகுத்ததுண்டு. அதில் துயர் உண்டு; கோலமாற்றம் இல்லை.

சிலம்பில் கோவலனுக்கு 16, கண்ணகிக்கு 12 என்னும் அகவையில் மணம் நிகழ்கிறது. காவியத்தில் நான்காண்டே இடைவெளி. பிற்கால வழக்கில், இரண்டாம் தாரமாகவும் மூன்றாம் தாரமாகவும் சிறுமியர் முதியவர்க்கு வாழ்க்கைப்பட்டபோது அவ்விடைவெளி முப்பது, நாற்பது ஆண்டுகளாகவும் விரிந்தது. அதன் விளைவு பால்ய விதவையர் கூட்டம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடிமதிப்புக் கணக்குகள் பத்து வயதுக்குக் குறைந்த விதவைகளையும் தனி வரிசையில் எண்ணிக் காட்டியபோதுதான், அதுவரை வீட்டின் பின்கட்டில் இருந்த செய்தி அச்சேறியது. அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ 1903 இல் நூலாக வெளிவந்து, அத்தகைய ஒரு பெண்ணைத் தன் கதையைத் தானே சொல்ல வைத்தது. பிராமணக் குடும்பங்களில் தலைமழித்து வெள்ளையோ காவியோ உடுத்தப்பட்ட பெண், இருபது வயதிலேயே பாட்டியின் கோலம் பெற்றாள். 1886 இல் பிறந்து, சிறுமியாகவே மணமாகிக் கைம்மை எய்திய சகோதரி சுப்புலட்சுமி, 1911 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். இளம் விதவையர்க்கு இல்லமும் கல்வியும் அமைத்தார். சென்னைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அவ்வில்லம் இயங்கியது. 1929 இல் நிறைவேறி 1930 இல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என்றும் ஆணின் மணவயதை 18 என்றும் வரையறுத்தது. அதே நான்காண்டு இடைவெளி!

உயிரியற் கணக்கும் வேறு செய்தி சொல்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி வாழ்நாள் 25 ஆண்டைக்கூட எட்டவில்லை. அதனால் அக்காலத்தில் கிழவரே இல்லை என்று கொள்ளலாகாது. சிசுமரணமே சராசரியைத் தாழ்த்தியது. பிழைத்தோர் முதுமை வரை வாழ்ந்தனர். பெரும்பாலான நாடுகளில் பெண்களே ஆண்களைவிட நீண்டநாள் வாழ்கின்றனர். இந்தியாவிலோ பேறுகாலச் சாவும், பெண் குழந்தைக்கு ஊட்டத்திலும் மருத்துவத்திலும் காட்டப்பெற்ற குறையும் அவ்வியற்கையைப் பல காலம் மறைத்துவிட்டன. 1980களில்தான் இந்தியப் பெண்ணின் சராசரி வாழ்நாள் ஆணினுடையதை முந்தியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோருள் பெண்கள் ஏறத்தாழ 5.3 கோடி, ஆண்கள் 5.1 கோடி. மூத்த கணவன் முன்னே இறக்க, இளைய மனைவி பின்னும் பல்லாண்டு வாழ்கிறாள். ஆக, முதுமையின் நீண்ட பகுதியைத் தனித்து வாழ்பவர் பெண்களே. மதுரைக்கு அது புதுச்செய்தி அன்று. வையை பெருகிக் கரையுடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் என்று பாண்டியன் ஆணையிட, அனுப்புவதற்கு ஆளில்லாமல் தவித்தவள் பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி. கணவனும் மக்களும் அற்ற அம்முதியவளுக்கும் கரையடைக்கும் பங்கு அளந்து விடப்பட்டது. உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கொண்டு இறைவனே மண் சுமந்தான் என்று திருவிளையாடற் புராணம் அத்துயரைத் தீர்த்துவைக்கிறது. ஆவணி மூலத்தில் ஆண்டுதோறும் அவ்விளையாடல் கொண்டாடப்படுகிறது.

மணிவிழா என்னும் வழக்கும் இங்கே எண்ணத்தக்கது. பிரபவ முதலிய அறுபது ஆண்டுகளும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் வருவதைக் கொண்டாடுவது அது. அறுபதும் எண்பதும் கணவனின் வயதையே குறிக்கும். திருக்கடவூரில் அவன் பக்கத்தில் மீண்டும் மணமகளாக அமர்பவளுக்கு வயது ஐம்பதாக இருக்கலாம், ஐம்பத்தைந்தாக இருக்கலாம், அதைக் கேட்பாரில்லை. அவளுக்கு அறுபது நிறையும் நாள் அடுப்படியிலேயே கழிந்துபோகும். கணவனை இழந்தவளாயின் அந்நாள் எந்நாள் என்பதும் நினைவில் இராது. பெண்ணின் பூப்புக்குச் சடங்குண்டு, மணத்துக்கு உண்டு, வளைகாப்புக்கு உண்டு. அவள் மூப்புக்கென்று ஒரு சடங்கும் இல்லை. தமிழறிஞர்க்கு எடுக்கப்பெற்ற மணிவிழா மலர்களுள் பெண்பாலார்க்கு உரியவை எத்தனை என்பதை இலக்கிய வட்டங்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

கோலூன்றியவள்

புனைகதையாசிரியர் சிலர் பாட்டியல் கைவிட்ட பெண்ணை மீட்டனர். ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’யில் தலைமழித்த விதவையாகவே வாழ்ந்து மூத்த கௌரிப் பாட்டி, இளம் விதவையாகிய பேத்தியின் மறுமணத்தை மகன் வெறுத்தொதுக்கும்போது, பேத்தியின் பக்கம் நிற்கிறாள். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ சமையலறையே ஆட்சிப்பரப்பாக வாழ்ந்து முடித்த ஜீஜியை, அவள் தன்னைப் பற்றி எண்ணிப் பார்க்கும் இடம் வரை அழைத்துச் செல்கிறது. இவர்கள் எவரும் அழகிழந்ததற்காக அழவில்லை.

மீண்டும் ஔவையிடம் வருவது முறை. அதியமானோடு நட்புப் பூண்டு நெல்லிக்கனி பெற்ற சங்க கால ஔவையார் மூதாட்டி என்பதற்குச் சங்கப் பாடல்களில் சான்றில்லை. பகையரசன் ஒருவன், உங்கள் நாட்டில் போரிடுவார் உண்டோ என்று அவரை வினவிய பாடலில் (புறநானூறு 89), மை தீட்டிய கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலியாகவே அவர் காட்சி தருகிறார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் ஆத்திசூடி பாடியவரும், வேறு காலங்களில் அதே பெயரில் பாடியவர்களும் வேறானவர்கள். மக்கள் நினைவு இவர்கள் அனைவரையும் ஒருத்தியாக்கியது. அந்த ஒருத்திக்கு நரையும் கோலும் தந்தது. ஏன் தந்தது என்பதற்கு விநாயகர் கதையே விடை. ஊர் ஊராகத் தனித்து நடக்கவும், வேந்தர் இருவரிடையே தூது செல்லவும், கம்பரையும் கூத்தரையும் எதிர்த்துப் பேசவும், முருகனோடு மரத்தடியில் வாதிடவும் ஓர் இளம்பெண்ணால் இயலும் என்று கற்பனை செய்ய அந்நினைவு துணியவில்லை. மையுண்ட கண்களை அழித்துவிட்டால்தான் அவள் நாவை வைத்துக்கொள்ள முடிந்தது. ஒட்டக்கூத்தர் எந்தப் பருவத்தோடு ஏட்டை மூடினாரோ, அதற்கப்பாற்பட்ட வயதில் நிற்கும் ஒருத்தியையே பிற்காலத்தார் அவருக்கு எதிர்வாதியாக நிறுத்திக் கதை கட்டினர்.

1968 இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாக் கடற்கரைச் சாலையில் பத்துச் சிலைகள் எழுப்பப்பட்டன. பெண்கள் இருவர்: சிலம்பேந்திய கண்ணகி ஒருத்தி, கோலூன்றிய ஔவை ஒருத்தி. 38 வயதும் நிறைந்த நிலையில் மறைந்த பாரதியும் அவ்வரிசையில் நிற்கிறார். அவருக்கு நரை வேண்டப்படவில்லை.

அச்சிலைக்கு முன்னரே ஔவையின் உருவத்தைத் தமிழர் மனத்தில் நிலைக்கச் செய்தது 1953 இல் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஔவையார்’ திரைப்படம். நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். 1908 இல் பிறந்த அவர், கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933 இல் மறைந்தபோது 25 வயதினர். அன்று முதல் வெண்ணிற ஆடை பூண்டார். ஆண் நடிகர்க்கு இணையாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார். 1935 இல் அவர் ஏற்ற வேடம் நந்தனார், ஓர் ஆண் வேடம். 1951 இல் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். ஔவையாக அவர் கோலூன்றி நடந்து பாடியபோது 45 வயதும் நிறைந்திருக்கவில்லை. பின்னர் ‘பூம்புகார்’ (1964) படத்தில் கவுந்தியடிகளாகவும், ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் மீண்டும் ஔவையாகவும் தோன்றினார். 1980 இல் மறையும் வரை அவர் பாடிக்கொண்டிருந்தார்.